முத்துப்பிள்ளை

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து ஒரு வாசகி. இந்தப் பகுதியை வாரந்தவறாமல் படிப்பவராம்.

"மிஸ்ஸி, உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

நான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இருந்தாலும் யாராவது 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டுவிட்டால் கை தானாகவே ஒரு பேனாவைத் தேடும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மருமகளுக்கு 26 வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். முதல் கர்ப்பம். வீடே கொண்டாடியிருக்கிறது. மூன்றாவது மாதத்தில் வாந்தி தாங்க முடியவில்லை. பிறகு ரத்தம் பட்டது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"உள்ள பிள்ளையே இல்லையாம் மிஸ்ஸி. கொத்துக் கொத்தா என்னமோ இருந்திச்சாம். முத்துப்பிள்ளைன்னு ஒரு தமிழ் டாக்டரம்மா சொன்னாங்க. சுத்தம் பண்ணி ஏழு வாரம் ஆச்சு. அதோட முடிஞ்சதுதானே? வாரா வாரம் வரச்சொல்லி ரத்தம் எடுக்கிறாங்க. அவளும் லீவு போடணும், மகனும் லீவு போடணும். பிள்ளைதான் போச்சே, இன்னும் எதுக்கு ரத்தம்? இப்ப திங்கட்கிழமை மகனையும் கூட்டிட்டு வரணுமாம். போகாம விட்டுறலாமான்னு பாக்குறோம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் கேட்டார். "இவ வயிறே அப்படித்தானா மிஸ்ஸி? எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி ஆனதில்ல."

பக்கத்து அறையில் அந்த மருமகள் இருந்திருப்பாள். காதிலும் விழுந்திருக்கும்.

அன்று அவரிடம் நான் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதை எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றார்கள். அதனால் இந்த வாரம் முத்துப்பிள்ளையைப் பற்றி.

பெயர் அழகாக இருக்கிறது. நம் கிழவிகள் பார்த்து வைத்த பெயர். நஞ்சுக்கொடி ஆகவேண்டிய திசு, நீர் கோத்த சின்னச் சின்ன முத்துகளாக வீங்கிக் கருப்பையை நிரப்பிவிடும். ஊறவைத்த ஜவ்வரிசியைக் கொத்தாகக் கோத்ததுபோல் இருக்கும். மலாய்க்காரர்கள் இதைத் திராட்சைக் கர்ப்பம் என்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் திராட்சை, நம் கண்ணுக்கு முத்து.

ஏன் இப்படி ஆகிறது? முழு முத்துப்பிள்ளையில், தாயின் சினைமுட்டையில் இருக்கவேண்டிய குரோமோசோம்கள் இருப்பதில்லை. அந்த வெற்று முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து தன்னையே இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. சில நேரம் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. ஆக, அந்தத் திசுவில் உள்ள குரோமோசோம்கள் எல்லாமே தகப்பன் வழி வந்தவை. பாதி முத்துப்பிள்ளை என்று இன்னொரு வகை உண்டு. அதில் நல்ல சினைமுட்டையோடு இரண்டு விந்தணுக்கள் சேர்ந்து, 46 குரோமோசோம் இருக்கவேண்டிய இடத்தில் 69 ஆகிவிடுகிறது.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது எதிர்முனையில் சத்தமே இல்லை. "அப்போ என் மகன் மேலயா குத்தம்?" என்றார் மெதுவாக.

யார் மேலும் குற்றமில்லை அம்மா என்றேன். கரு உருவாகும் அந்த நொடியில் நடக்கும் தற்செயல் இது. சாப்பிட்டது, தூக்கியது, கண் பட்டது, ராசி, நட்சத்திரம் எதற்கும் இதில் பங்கில்லை. மிக இளம் வயதிலும் 40ஐத் தாண்டிய வயதிலும் கர்ப்பமானவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். மேலை நாடுகளில் சுமார் ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று இப்படி ஆகிறது என்று சொல்வார்கள். நம் தென்கிழக்காசியாவில் அதைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வருவது நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான்.

சரி, பிள்ளைதான் இல்லையே, ரத்தம் எதற்கு?

கர்ப்பச் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுகிறதே, அந்தக் கோட்டை வரவழைப்பது எச்.சி.ஜி என்ற ஹார்மோன். நஞ்சுக்கொடித் திசு சுரப்பது. முத்துப்பிள்ளையில் இது தாறுமாறாகச் சுரக்கும். கர்ப்பவாந்தி கடுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுத்தம் செய்த பிறகு இந்த அளவு வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்து இல்லாமல் போகவேண்டும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலோ, மறுபடியும் ஏறினாலோ, அந்தத் திசு எங்கேயோ இன்னும் உயிரோடு இருக்கிறது, வளர்கிறது என்று பொருள். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேருக்கு இப்படி ஆகிறது. பாதி முத்துப்பிள்ளையில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அது கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகலாம். ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகலாம். அப்போது அதன் பெயர் புற்றுநோய். அதில் மிகக் கொடியதைக் கோரியோகார்சினோமா என்கிறோம்.

பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது அரிதானவற்றில் ஒன்று. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் கருப்பைவாய்ப் புற்றுநோய் சுமார் 6 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் வரும் புற்றுநோய் சுமார் 45 ஆயிரம் பேருக்கு. யோனிக்குள் வரும் புற்றுநோய் சுமார் 18 ஆயிரம் பேருக்கு. நஞ்சுக்கொடித் திசுவில் வரும் புற்றுநோயும் இந்த அரிதான கூட்டத்தில் சேர்ந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு தனிக்குணம் உண்டு. நேரத்தோடு பிடித்துவிட்டால் இதைப்போல் குணமாகும் புற்றுநோய் வேறொன்றைக் காண்பது அரிது. விட்டுவிட்டால் இதைப்போல் வேகமாக ஓடுவதும் அரிது.

இரண்டையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, 1978. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள். வயது 19. முத்துப்பிள்ளைக்காகச் சுத்தம் செய்து, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்து அனுப்பினோம். இரண்டு தடவை வந்தாள். பிறகு வரவில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். ஒரு நாள் மரம் வெட்டாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். உடம்பில் ஒரு வலியும் இல்லை. யார் வருவார்கள்?

ஐந்து மாதம் கழித்து வந்தாள். இருமலில் ரத்தம். காசநோய் என்று நினைத்து மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் உருண்டை உருண்டையாக வெள்ளைப் புள்ளிகள். எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "மிஸ்ஸி, சிறுநீர் எடுத்துக் கர்ப்பச் சோதனை செய்யுங்கள்" என்றார். இருமலுக்கு எதற்குக் கர்ப்பச் சோதனை என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் ரத்தத்தில் துல்லியமாக அளக்கும் வசதி எங்கள் ஊரில் இல்லை. சிறுநீரில் தண்ணீர் கலந்து, இன்னும் கலந்து, எவ்வளவு நீர்த்துப்போனாலும் சோதனை கர்ப்பம் என்று காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நீர்க்க நீர்க்கக் காட்டிக்கொண்டே இருந்தது. வயிற்றில் கர்ப்பமில்லை.

மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டார்கள். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட விழுங்க முடியாமல் கிடந்தாள். ஒரு சுற்று முடிந்து, உடம்பு தேறி, அடுத்த சுற்று. மாதங்கள் ஓடின. எக்ஸ்ரேயில் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கருப்பையை எடுக்கவில்லை. நான்கைந்து வருடம் கழித்து ஒரு தீபாவளிச் சந்தையில் யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள்தான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

அந்த மருந்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1956க்கு முன்பு கோரியோகார்சினோமா உடம்பில் பரவிவிட்டால் பெரும்பாலும் சாவுதான். கருப்பையை எடுப்பார்கள், பரவியதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் வேலை செய்த மின் சியு லி என்ற சீன மருத்துவரும், ராய் ஹெர்ட்ஸ் என்பவரும் அந்த ஆண்டில் மெத்தோட்ரெக்சேட்டை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. இப்படிப்பட்ட மருந்துகளை லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். தன் ஆய்வுக்கூடத்து மருந்து பெண்களின் புற்றுநோயைக் குணமாக்குவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1948இலேயே இறந்துவிட்டார்.

மருந்து கொடுத்ததும் கட்டிகள் கரைந்தன. கட்டிகள் கரைந்த பிறகும் சில பெண்களின் சிறுநீரில் அந்த ஹார்மோன் கொஞ்சம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நோய் இன்னும் இருக்கிறது என்று நினைத்த லி, அது இல்லாமல் போகும்வரை மருந்தை நிறுத்தவில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போது இவ்வளவு கடுமையான மருந்தை ஏன் தொடர்ந்து கொடுக்கிறார் என்று மேலிடத்தில் கோபம். வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். காலம் போகப் போக, பாதியில் நிறுத்தப்பட்ட பெண்களுக்கு நோய் திரும்பியது தெரிந்தது. அவர் விடாமல் மருந்து கொடுத்தவர்கள் நலமாக இருந்தார்கள். பரவிய கட்டியொன்றைக் கீமோ மருந்தால் மட்டுமே குணமாக்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். 1972இல் லிக்கும் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

இன்றைக்கு ரத்தம் எடுத்து எண்ணைப் பார்க்கிறார்களே, அந்த வழக்கம் வந்த வழி இது. பிரிட்டனில் 1973லிருந்து முத்துப்பிள்ளை வந்த பெண்களைப் பதிவு செய்து, எண் இறங்கி முடியும்வரை தொடர்ந்து கவனிக்கிறார்கள்.

இனி இரண்டாவது. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1981 அக்டோபரில் என் அண்ணிக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. சுகப்பிரசவம். முத்துப்பிள்ளையெல்லாம் இல்லை, நல்ல பிள்ளை. அண்ணி என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், 'பாப்பா' என்பார்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் பானை கழுவும்போது அண்ணி என்னிடம் மெதுவாக, "பாப்பா, எனக்கு இன்னும் சரியா நிக்கல. வருது, நிக்குது, மறுபடி வருது" என்றார். பிரசவமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் தாதி. பிரசவ வார்டில் வேலை. என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை பெத்த உடம்பு அண்ணி. மாதவிலக்கு திரும்ப ஆரம்பிக்கும்போது இப்படித்தான் இருக்கும். சத்தா சாப்பிடுங்க."

அண்ணி தலையாட்டினார். மிஸ்ஸியே சொல்லிவிட்டாள், இனி வேறு யாரைக் கேட்பது?

மார்ச்சில் இருமல். குழந்தையோடு கண் விழிக்கிறார், குளிர்ந்திருக்கும் என்றார்கள். ஏப்ரலில் தாங்க முடியாத தலைவலி. ஒரு நாள் காலையில் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தார். கோலாலம்பூருக்குக் கொண்டுபோனோம். நுரையீரலிலும் மூளையிலும் பரவியிருந்தது. ஒன்பது நாள் இருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன்பு அந்தத் தோட்டத்துப் பெண்ணை நான் கவனித்திருக்கிறேன். நோயின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் முத்துப்பிள்ளை வந்தவளுக்குத்தான் அது வரும் என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது. நல்ல பிரசவத்துக்குப் பிறகும் வரும், கருச்சிதைவுக்குப் பிறகும் வரும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்ல பிரசவத்துக்குப் பிறகு சுமார் 50 ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. வாழ்நாள் முழுக்கப் பிரசவ வார்டில் வேலை செய்தாலும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அந்த ஒன்று என் வீட்டுப் பின்கட்டில் நின்று என்னிடமே கேட்டது. அன்றைக்கு ஒரு சிறுநீர்ச் சோதனை செய்திருந்தால் போதும். என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த சோதனை.

அந்தக் குழந்தைக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது. பிறந்ததும் தாயை முழுங்கியவன் என்று சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்ன வாய்களை நான் அடக்கியதில்லை. என் குற்றம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. போன வருடம் அவன் அம்மாவின் திதி அன்று எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். பிள்ளையால் வந்ததல்ல, பிரசவத்துக்குப் பிறகு தங்கிப்போன நஞ்சுக்கொடி செல் ஒன்று வழிதவறியது, அதற்கு நீ பொறுப்பில்லை, உன் அம்மா என்னிடம் கேட்டார், நான் தவறாகப் பதில் சொன்னேன் என்றேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. போகும்போது, "இதை எழுதுங்க அத்தை" என்றான்.

எழுதிவிட்டேன்.

கிள்ளான் அம்மாவிடம் அன்றிரவு இந்த இரண்டு கதையையும் சொன்னேன். அவர், "இருங்க மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு மருமகளைக் கூப்பிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தார். அட்டையை எடுத்து எண்ணை வாசிக்கச் சொன்னேன். சின்னக் குரலில் ஒவ்வொன்றாக வாசித்தாள். முதல் வாரம் 12,000. அடுத்து 3,400. பிறகு 1,100. நான்காவது வாரம் 640. அதற்குப் பிறகு 610, 655, 630.

இறங்கிக்கொண்டிருந்தது நான்காவது வாரத்தோடு நின்றுவிட்டது. மூன்று வாரமாக ஒரே இடம். திங்கட்கிழமை கணவனையும் அழைத்து வரச் சொன்னது அதற்காகத்தான். அதைத்தான் போகாமல் விட்டுவிடலாமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு கேன்சரா அம்மா?" என்றாள். நோயின் பெயரை டாக்டர் சொல்வார், நீ திங்கட்கிழமை கட்டாயம் போ என்றேன். அதோடு, எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன்.

இந்த நோயில் மற்றப் புற்றுநோய்களைப்போல் சதை எடுத்துச் சோதித்துத்தான் தீர்மானிக்கவேண்டும் என்பதில்லை. ஹார்மோன் எண்ணும் ஸ்கேனும் பெரும்பாலும் போதும். ரத்தம் நிறைய ஓடும் கட்டி என்பதால் சதை எடுப்பதே சில இடங்களில் ஆபத்து. பிறகு ஒரு மதிப்பெண் போடுவார்கள். வயது என்ன, முன்பு நடந்தது முத்துப்பிள்ளையா, கருச்சிதைவா, பிரசவமா, எத்தனை மாதம் ஆயிற்று, எண் எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரிது, எங்கே, எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது, முன்பு கொடுத்த கீமோ பலிக்கவில்லையா என்றெல்லாம் கூட்டிப் பார்ப்பார்கள். 6 வரை வந்தால் குறைந்த ஆபத்து. 7உம் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து. குறைந்த ஆபத்து உள்ளவர்களுக்கு ஒரே மருந்து, பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். அது போதாவிட்டால் மருந்தை மாற்றுவார்கள். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைக்கிறார்கள். அதிக ஆபத்து உள்ளவர்களுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் அவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மூளைக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டவர்களுக்கும், பிரசவமாகி நெடுநாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும்தான் போராட்டம் கடினம். என் அண்ணி அந்த வரிசையில் நின்றவர்.

"பிறகு பிள்ளை பிறக்குமா?" அவள் கேட்டதா, பின்னால் நின்ற மாமியார் கேட்கச் சொன்னதா, தெரியவில்லை. பெரும்பாலோருக்குப் பிறக்கிறது என்றேன். கீமோ முடிந்து சுமார் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். கீமோ தேவைப்படாதவர்களும், எண் இறங்கி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை கருத்தரிக்கக்கூடாது. புதிதாகக் கர்ப்பமானால் அதே ஹார்மோன் மறுபடி ஏறும். நோயா, பிள்ளையா என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். 'சீக்கிரம் ஒன்று பெற்றுக்கொள், மனம் ஆறும்' என்று சொல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

திங்கட்கிழமை போனார்கள். மதிப்பெண் 2 வந்தது. நுரையீரல் சுத்தம். ஊசி ஆரம்பித்தார்கள். அவளுக்கும் வாயில் புண் வந்தது, ஆனால் 1978இல் நான் பார்த்த அளவுக்கு இல்லை. இப்போது ஊசிக்கு மறுநாள் போலினிக் அமில மாத்திரை கொடுத்து உடம்பைக் காக்கிறார்கள்.

வாசகத் தோழிகளே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்றுதான்.

பிரசவமோ கருச்சிதைவோ ஆகி ஆறு வாரம் தாண்டியும் ரத்தம் நிற்காமல் வந்தால், வந்து வந்து நின்றால், 'பிள்ளை பெத்த உடம்பு' என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். கிருமித் தொற்றாக இருக்கலாம், உள்ளே தங்கிய சிறு துண்டாக இருக்கலாம். ஆனால் கிளினிக்குக்குப் போய், "எனக்குக் கர்ப்பச் சோதனை செய்து பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். சில வெள்ளிகூட ஆகாத சோதனை. கர்ப்பம் என்று காட்டினால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யாமல் வீட்டுக்கு வராதீர்கள். ரத்தத்தோடு இருமல், மூச்சுத்திணறல், விடாத தலைவலி சேர்ந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

முத்துப்பிள்ளை வந்தவர்கள், ரத்தப் பரிசோதனையை வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அட்டையில் உள்ள எண்ணை நீங்களும் வாசியுங்கள். இறங்குகிறதா என்று டாக்டரைக் கேளுங்கள். மறுபடி கர்ப்பமானால், முன்பு இப்படி ஆனது என்று முதல் நாளே சொல்லிச் சீக்கிரம் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாமியார்களுக்கு. லீவு போடவேண்டுமே என்று மகன் தயங்கினால், மருமகளோடு நீங்கள் போங்கள். கிள்ளான் அம்மா இப்போது அப்படித்தான் போகிறார். போத்தலில் கஞ்சியும் எடுத்துப் போகிறாராம்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவரே கூப்பிட்டார். எண் 4க்கு வந்துவிட்டது. ஐந்துக்குக் கீழே வந்தால் சாதாரண அளவுதான்.

"அப்போ முடிஞ்சதுன்னு நெனச்சேன் மிஸ்ஸி. ஆனா டாக்டர் இன்னும் ரெண்டு மூணு தடவை ஊசி போடணுங்கிறாங்க. எண்ணுக்குத் தெரியாம மிச்சம் மீதி இருக்குமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போடுங்கன்னு சொல்லிட்டேன். வாசல்லயே உக்காந்திருக்கேன், எத்தனை தடவை வேணும்னாலும் போடுங்கன்னு சொல்லிட்டேன்."